பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூரைத்தகடு, கிணறு துப்புரவு, காணி ஆவணம் ஆகியவை பற்றி மற்ற உத்தியோகத்தர்கள் உங்களுக்கு விளக்குவார்கள். எந்தப் பயனாளிகள் பட்டியலிலும் எழுத முடியாத ஒன்றைப் பற்றிக் கதைக்கத்தான் நான் வந்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அயலை எப்படி மறுபடியும் உண்டாக்குவது?

ஒரே ஒழுங்கைக்கு ஒரு குடும்பம் நலன்புரி நிலையத்திலிருந்து வரும். இன்னொரு குடும்பம் உறவினர் வீட்டிலிருந்து வரும். மூன்றாவது குடும்பம் இந்தியாவிலிருந்து வரும். நடுவில் இரண்டு வளவு பற்றை மூடிக் கிடக்கும். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கவே வாய் வராது. யாருக்குத் தகரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற மனவருத்தமும் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில், பிள்ளைகளோடு தனியே திரும்பும் ஒரு தாய்க்கு நடு இரவில் காய்ச்சல் வந்தால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

அயல் கூடும் இடங்கள் எங்கள் ஊர்களில் முன்பும் இருந்தன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், வாசிகசாலை, சனசமூக நிலையம் என்று பல. இன்று அவற்றில் ஒன்றான மெதடிஸ்த தேவாலயத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ள ஒரு பழைய வழக்கம் எந்தச் சமயத்தவருக்கும் பயன்படும்.

மெதடிஸ்த ஊழியர்கள் இலங்கைக்கு வந்தது 1814ஆம் ஆண்டில். காலியில் இறங்கி, சிலர் யாழ்ப்பாணத்துக்கும் ஒருவர் மட்டக்களப்புக்கும் போனார்கள். மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டே அங்கு இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. உங்களில் பலருடைய வீட்டில் இந்தப் பள்ளிகளில் படித்த ஒருவராவது இருப்பார்.

நான் சொன்ன வழக்கம் அதற்கும் முந்தியது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இந்தச் சபையாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு பேரளவில் ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு தலைவர். கொடுக்க வசதியில்லாதவரின் பங்கைத் தலைவரே போட வேண்டும். தலைவர் வாராவாரம் வீடு வீடாகப் போனார். போன இடத்தில் ஒருவர் நோயில் கிடந்தார், இன்னொருவருக்கு வேலை போயிருந்தது, வேறொரு வீட்டில் சண்டை. காசு சேர்க்கப் போனவர்கள் ஆட்களின் நிலையை அறிந்தார்கள். கடனுக்காகத் தொடங்கிய வேலை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் வேலையாக மாறியது. அதற்கு ‘வகுப்பு’ என்று பெயர்.

இன்றைக்கும் ஒரு மெதடிஸ்த சபையின் வாழ்க்கை ஞாயிறு ஆராதனையோடு முடிவதில்லை. வீடு சந்திப்பு, பெண்கள் சங்கம், வாலிபர் சங்கம், ஞாயிறு பாடசாலை என்று கிழமை முழுதும் ஏதாவது நடக்கும். சில இடங்களில் மண்டபத்தில் பாலர் பாடசாலையும் நடக்கும். அறுவடைப் பண்டிகைக்கு வாழைக்குலையும் பூசணிக்காயும் தேங்காயும் கொண்டுவந்து வைத்து ஏலம் போடுவார்கள். ஏலம் கேட்க ஊரே வரும்.

“நாங்கள் சைவம், அங்கே போகலாமா?” என்று கேட்பீர்கள். போகலாம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். அதே நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். படலையைத் தாண்டி உள்ளே போவதால் எவருடைய சமயமும் மாறிவிடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நிவாரணம் தேவையைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டியது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவியைச் சமயத்தையோ அரசியலையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எந்த அமைப்பைச் சேர்ந்தவராவது “கூட்டத்துக்கு வந்தால்தான் சாமான் தருவோம்” என்று சொன்னால் நீங்கள் மறுக்கலாம். கிராம அலுவலரிடமோ எங்கள் உத்தியோகத்தரிடமோ முறையிடலாம். அதனால் உங்களுக்குரிய உதவி நின்றுவிடாது.

தேவாலயத்தில் எதைக் கேட்கலாம்? முதலில் பதிவேடு. பிறப்பு பதியப்பட்டிருந்தால் அதன் பிரதியைப் பதிவாளர் அலுவலகத்தில்தான் பெற வேண்டும். பதியப்படாமலே இருந்தால், காலங்கடந்து பதிவதற்கு ஞானஸ்நானச் சான்றிதழும் பாடசாலைப் பதிவும் துணை ஆவணங்களாக உதவும். உங்கள் ஊர்த் தேவாலயம் இடிந்து கிடந்தால் பதிவேடும் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஏடுகள் வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கலாம். அந்தச் சேகரத்தின் முகாமைக்குருவிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, தகவல். யார் எங்கே இருக்கிறார்கள், யார் திரும்பப் போகிறார்கள் என்பது சபையாருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். மூன்றாவது, இடம். மாதர் சங்கக் கூட்டத்துக்கோ பிள்ளைகளின் மாலை வகுப்புக்கோ மண்டபத்தைக் கேட்கலாம்.

எதைக் கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுத்திட்டப் பட்டியலைத் தேவாலயம் தீர்மானிப்பதில்லை. குருவானவரின் கடிதம் கொண்டுபோனால் பெயர் மேலே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும்தான். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத வளவுக்குள், அது தேவாலய வளவாக இருந்தாலும் கோயில் வளவாக இருந்தாலும், நீங்களும் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தேவாலயம் இல்லாமலே இருக்கலாம். அந்தப் பன்னிரண்டு வீட்டு வழக்கத்தை எந்த ஒழுங்கையிலும் செய்யலாம். பக்கத்துப் பக்கத்தாகப் பன்னிரண்டு வீடு. அவற்றுக்குப் பொறுப்பாக ஒருவர். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். தனியே இருக்கும் பெண்களின் வீட்டுக்கு ஒரு பெண் போவது நல்லது. கிழமைக்கு ஒரு தடவை எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். வெறுங்கையோடு போகலாம். “எப்படி இருக்கிறீர்கள்? சமைத்தீர்களா? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா?” என்று கேட்டால் போதும். யார் எந்த முகாமில் இருந்தார்கள், வீட்டில் என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், கேட்டதை வேறு வீட்டில் சொல்லாதீர்கள். உங்களால் தீர்க்க முடியாததைக் கிராம அலுவலரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கொண்டுபோங்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் கிழமையிலேயே இதைத் தொடங்குங்கள். பிந்தினால் ஒவ்வொரு வீடும் தன் வேலியை அடைத்துக்கொண்டு இருந்துவிடும். இன்று பஸ் ஏறுவதற்கு முன்பே, உங்கள் ஒழுங்கைக்குத் திரும்பப் போகிறவர்கள் யார் யார் என்று இந்த மண்டபத்துக்குள் கேட்டுப் பாருங்கள். பெயர்களை இந்தக் கையேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.