தெருவில் நிற்கும் பெரியவர்



நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் புகை. தண்ணீர் வண்டி வந்து நிற்கிறது. அதன் ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு படியேறுகிறார்கள். பின்னாலேயே ஏணி வண்டி. இவர்களுக்குக் குழாய் வேலை கிடையாது. பூட்டிய கதவை உடைப்பது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று தேடுவது, புகை வெளியேற வழி திறப்பது, இவைதான்.

ஏணி வண்டியில் ஓர் அதிகாரியோடு ஆறு பேர். யாருக்கு என்ன வேலை என்பது ஷிஃப்ட் தொடங்கும்போதே முடிவாகிவிடும். கோடரியும் ஹாலிகன் கடப்பாரையும் ஒருவர் கையில். ஹாலிகன் என்பது நியூயார்க் தீயணைப்புத் துறையில் மேலதிகாரியாக இருந்தவரின் பெயர். கடப்பாரை அவர் வடிவமைத்தது. ஒன்பதரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அணைப்பான் இன்னொருவரிடம். மொட்டைமாடிக்கு ஒருவர். நெருப்புக்கு முன்னால் நின்று "நீ போறியா, நான் போகட்டுமா?" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கட்டளை யாருடையது? முதலில் வந்த அதிகாரியுடையது, அவர் வெறும் லெப்டினன்ட் ஆனாலும். சில நிமிடங்களில் வெள்ளைத் தலைக்கவசத்தோடு பட்டாலியன் சீஃப் வருவார். நிலவரம் கேட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்வார். அவர் தெருவில்தான் நிற்பார். கட்டடம் முழுவதையும் பார்க்க ஒரு ஜோடிக் கண் வெளியே இருந்தாக வேண்டும். பெரியவர் குழாயைத் தொடுவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம். தீ அடங்காவிட்டால் இரண்டாம் அலாரம், மூன்றாம் அலாரம் என்று ஐந்துவரை போகும். வண்டிகள் கூடக் கூட, அவரைவிட மூத்தவர் வருவார். கட்டளையும் மேலே போகும்.

உச்சியில் இருவர். மேயர் நியமிக்கும் ஆணையர் நிர்வாகத்துக்கு. அவருக்குச் சீருடை கிடையாது. சீருடைப் படையின் உச்சப் பதவி துறைத் தலைவருடையது.

2001 செப்டம்பர் 11 காலை இந்த அதிகார ஏணியின் ஒவ்வொரு படியும் சோதிக்கப்பட்டது. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்துக் கீழ்த்தளத்தில் முதலில் கட்டளையிட்டவர் பட்டாலியன் சீஃப் ஜோசப் ஃபைஃபர். பிறகு டிவிஷன் தலைவர் பீட்டர் ஹேடன். அவருக்கும் மேலே, வெளியே வெஸ்ட் தெருவில், துறைத் தலைவர் பீட்டர் கான்சி. ஒவ்வொரு வண்டியிலும் யார் யார் என்று அதிகாரி எழுதி வைக்கும் பட்டியல் உண்டு. ஆனால் அது ஷிஃப்ட் மாறும் நேரம். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாமலே போனவர்கள் அவர்கள்.

9.59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. கட்டளையிடத்தை வடக்கே மாற்றச் சொல்லிவிட்டு, கான்சி தெற்குப் பக்கம் நடந்தார். 10.28க்கு அடுத்த கோபுரமும் விழுந்தது. அன்று இறந்த 343 தீயணைப்புத் துறையினரில் அவரும் ஒருவர்.

பொறுப்பு அவருக்கு அடுத்த நிலையில் இருந்த டேனியல் நைக்ரோவிடம் வந்தது. 2014இல் அவரே அத்துறையின் ஆணையரானார்.