அஞ்சறைப் பெட்டியும் அறிவும்



சமையலறையைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன உரிமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போதித்த முதல் விதி, ‘அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க’ என்பதாகும். பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கப் புகுந்தபோது, எல்லா மாணவரும் அறிந்த பொருள் யாது என்று தேடினேன். அஞ்சறைப் பெட்டி கண்ணில் பட்டது. ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் அது உண்டு. அதனுள் இரசாயனம் உண்டு; சரித்திரமும் பூகோளமும் உண்டு. அன்றாடம் நாம் உண்ணும் பொடியையும் ஊறுகாயையும் வீட்டிலேயே செய்துகொள்வதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கடுகை எடுத்துக்கொள்வோம். ஒரு கடுகை நாவின்மீது வைத்துப் பாருங்கள், காரம் தோன்றாது. அதனையே மென்றால் சிறிது நேரத்தில் மூக்குவரை ஏறும். காரணம் யாது? கடுகினுள் சினிகிரின் என்னும் பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. விதை நசுங்கி ஈரமும் சேரும்போது இரண்டும் சந்திக்கின்றன. அப்போதுதான் காரம் பிறக்கிறது. காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டாலோ நொதி அழிந்துவிடுகிறது. ஆதலால் தாளித்த கடுகில் மணம் உண்டு, உறைப்பு இல்லை. ஆவக்காய்க்குக் கடுகைப் பச்சையாகப் பொடித்துச் சேர்ப்பதும், இரசத்திற்கு அதனை வெடிக்கவிட்டுச் சேர்ப்பதும் வெவ்வேறு பயனைக் கருதியே. நொதி என்ற சொல்லைக் கேள்விப்படாத நம் பாட்டிமார் அதன் செயலை நன்கு அறிந்திருந்தனர்.

இனி மிளகாய். இஃது இல்லாமல் தமிழர் சமையலே இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஆயினும் இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்தது 1492-ஆம் ஆண்டில். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். அதன் பின்னரே போர்த்துகீசியர் வாயிலாக மிளகாய் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு நம் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகின் பெயரையே நம்மவர் சூட்டினர். வந்த விருந்தாளி இன்று வீட்டுக்காரனாகிவிட்டான்! இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு அப்பெருமை 2019-இலேயே கிடைத்தது. பெருங்காயமோ ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வருவது; 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கில் நம் விஞ்ஞானிகள் அதனைப் பயிரிடத் தொடங்கினர். இத்தனை தேசங்களும் ஒரு சிறு பெட்டிக்குள் அண்டை வீட்டாரைப்போல் வாழ்கின்றன.

சாம்பார்ப் பொடி செய்யும் முறைக்கு வருவோம். எங்கள் வீட்டு அளவு இது: கொத்துமல்லி விதை 200 கிராம், மிளகாய் வற்றல் 100 கிராம், துவரம் பருப்பு 50 கிராம், கடலைப் பருப்பு 50 கிராம், மிளகு 20 கிராம், சீரகம் 20 கிராம், வெந்தயம் 10 கிராம், விரலி மஞ்சள் ஒரு துண்டு. மஞ்சளை வெயிலில் நன்றாகக் காயவைத்து இடித்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றை இளந்தீயில் தனித்தனியே வறுத்து, ஆறவைத்துப் பொடிக்க வேண்டும்.

‘ஏன் தனித்தனியே? எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி வறுத்தால் வேலை சுலபமாயிற்றே’ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பருப்பு பெரிது, சீரகம் சிறிது. பருப்பு சிவக்கும் வரை காத்திருந்தால் சீரகம் கருகும், வெந்தயம் கசந்துபோகும். பருப்பு சிவந்து வாசனை எழும்புகிறதே, அச்செயலை 1912-ஆம் ஆண்டில் விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. வெப்பத்தினால் புரதக் கூறுகளும் சர்க்கரைக் கூறுகளும் இணைந்து புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் இதனாலேயே.

‘ஆறுமுன் டப்பாவில் அடைக்காதே’ என்பது அடுத்த விதி. அரைத்த பொடி சூடாக இருக்கும். சூட்டோடு மூடினால் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகும். ஈரம் பட்ட பொடியில் பூஞ்சணம் பிடிக்கும். இதனை அற்பமாக எண்ணிவிட வேண்டா. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றிற்கு அளித்த கடலைத் தீவனத்தில் பூஞ்சணம் பிடித்து, அது நஞ்சை உண்டாக்கியிருந்தது. அஃபிளாடாக்சின் என்று இன்று வழங்கும் அந்நஞ்சு, சரியாக உலராத மிளகாயிலும் தோன்றக்கூடும். சமையற் சூட்டினால் முழுதும் அழியாது. ஆகவே மிளகாய் வற்றலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். காம்பருகே சாம்பல் நிறம் கண்டால் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

எலுமிச்சை ஊறுகாய் இன்னும் எளிது. ஒரு கிலோ பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்கி, 200 கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சள் தூளும் சேர்த்துச் சாடியில் இட்டு, நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். மூன்று வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும். உப்பு பழத்தின் நீரை வெளியே இழுக்கிறது. நுண்ணுயிரின் உடலிலிருந்தும் அவ்வாறே நீரை இழுத்து அதனைச் செயலற்றதாக்குகிறது. பழத்தின் புளிப்பும் துணை நிற்கிறது. புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும். அதனால்தான் பீங்கான் சாடியோ கண்ணாடிப் பாத்திரமோ வேண்டும் என்றனர். ஈரக் கரண்டி இட்டால், அந்த இடத்தில் உப்பின் செறிவு குறைந்து பூஞ்சணத்திற்கு வழி திறக்கும்.

இவ்விதிகளுக்கெல்லாம் காரணம் உண்டு. ஆனால் இவற்றோடு சேர்ந்து மற்றொரு விதியும் பல வீடுகளில் வழங்கிவந்தது; சில வீடுகளில் இன்றும் வழங்குகிறது. மாதவிலக்கான பெண் ஊறுகாய்ச் சாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பது அது. இதற்குக் காரணம் தேடிப் பாருங்கள், அகப்படாது. ஊறுகாயைக் கெடுப்பவை ஈரம், அழுக்கு, உப்புக் குறைவு ஆகியவை. கழுவித் துடைத்த கை யாருடையதாயினும் நல்ல கையே. முன்னோர் சொல்லை மதிப்பது வேறு. ஆராயாமல் சுமப்பது வேறு. ‘ஏன்?’ என்ற கேள்விக்கு விடை தரும் விதியைக் காத்துக்கொள்ளுங்கள். விடை தராமல் ஒருவரைத் தாழ்த்த மட்டும் பயன்படும் விதியை விட்டுவிடுங்கள்.

கிராமத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தத்தம் வீட்டு மிளகாய்த் தூளைச் சிறிது கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தூவினோம். மூன்று தம்ளர்களில் சிவப்புச் சாயம் கோடு கோடாக இறங்கிற்று. மூன்றும் வாரச் சந்தையில் வாங்கிய தூள். அதனை விற்றவர் அதே வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை. வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலை கவிழ்ந்தான்.

மறுநாள் அந்தத் தந்தையே பள்ளிக்கு வந்தார். கோபத்தோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “ஐயா, நான் மூட்டையாய் வாங்கி மூட்டையாய் விற்கிறவன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்? அந்தச் சோதனையை எனக்கும் காட்டுங்கள்” என்றார். காட்டினேன். நெடுநேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வற்றலாக வாங்கி, ஊர் மில்லில் தம் கண்ணெதிரே அரைத்து விற்கலானார். விலை சற்றுக் கூடிற்று. ஆயினும் வாங்குவோர் இருந்தனர். அவர் வஞ்சகர் அல்லர், அறியாதவர். செய்யத் தெரியாத பொருளில் குற்றம் காணவும் தெரியாது என்பதை அன்று வகுப்பறை கண்டது.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நீரில் கரையும் சாயத்தை மட்டுமே இது காட்டும். சூடான் என்னும் சாயம் எண்ணெயில் கரைவது, நீரில் சிக்காது. மிளகாய்த் தூளில் கலந்திருந்த அச்சாயத்தின் காரணமாக 2005-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டில் கலப்படத் தடைச் சட்டமும், அதற்கு மாற்றாக 2006-இல் உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் அவசியமே. எனினும் முழு வற்றலுக்குள் செங்கல் தூளைக் கலக்க எவராலும் இயலாது என்பது சட்டத்தினும் எளிய காவல்.

கடையில் வாங்குவது குற்றம் என்று நான் கூறவில்லை. வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு நேரம் ஏது? நேர்மையாகத் தயாரிப்போரும் பலர் உளர். இரண்டு மாதத்திற்கு வேண்டிய பொடிக்கு அரை நாள் போதும். அந்த அரை நாள் தாயாருடையதாக மட்டும் இருப்பானேன்? மல்லியில் கல் பொறுக்குவதும், வற்றலை வெயிலில் உலர்த்துவதும், மில்லுக்கு எடுத்துச் செல்வதும் மாணவன் செய்யத்தக்க பணிகளே. விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞனுக்குத் தன் பொடியைத் தானே செய்யத் தெரிந்தால், அது வாழ்நாள் முழுவதும் உடன்வரும் தேர்ச்சியாகும்.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏதேனும் ஒன்றைத் தொடங்குங்கள். எலுமிச்சையாயினும் ஆகுக, பருப்புப் பொடியாயினும் ஆகுக. வீட்டில் பெரியவர் இருப்பின் அவர் அருகே அமர்ந்து, கண்ணளவாக அவர் போடுவதைத் தராசில் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியின் கையளவு எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை. எழுதிக்கொள்ளாவிடில் அவரோடு அது போய்விடும். எழுதும்போது ஒவ்வொரு வரியின் எதிரிலும் ‘ஏன்?’ என்ற கேள்விக்குச் சிறிது இடம் விட்டு வையுங்கள். அவ்விடத்தை நிரப்புவது உங்கள் கல்வியின் வேலை.