புல் வெட்ட 60 இன்ச் வேணுமா? முதல்ல கேட் அகலத்தை அளந்து பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வித்தியாசமான சப்ஜெக்ட். புல் வெட்டுற மெஷின். சிரிக்காதீங்க. ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கம் புதுசா வந்திருக்கிற கேட்டட் கம்யூனிட்டில குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும், அசோசியேஷன் மீட்டிங்ல தண்ணி லாரிக்கு அடுத்தபடியா சண்டை வர்ற விஷயம் இதுதான்.

எங்க குடியிருப்பு ஆவடி பக்கம். திறந்தவெளின்னு பார்த்தா அரை ஏக்கர், அதாவது சுமார் ஒன்பது கிரவுண்டு. அதுவும் ஒரே துண்டா இல்ல, மூணு துண்டு. தோள்ல மாட்டுற பிரஷ் கட்டர் வச்சு ஒரு அண்ணன் புல்லு வெட்டிட்டு இருந்தார். முழுசா வெட்ட ஒன்றரை நாள் ஆகும். போன மழை சீசன்ல அதுல இருந்து தெறிச்ச ஒரு கல்லு, நிறுத்தியிருந்த கார் கண்ணாடில பட்டு உடைஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் ஒரு பிரோஷரைப் போட்டார். ஜீரோ டர்ன் மோவர், 60 இன்ச் டெக், ஒரு மணி நேரத்துல நாலு ஏக்கர். கீழே ஒரு வரி: "இது வந்துட்டா ஆளே தேவையில்ல."

விலை ஒரு காருக்கு ஆகுற அளவு. கார்பஸ் ஃபண்ட்ல இருந்து எடுக்கலாம்னு பேச்சு. விவரம் விசாரிச்சுச் சொல்ற வேலை என் தலைல விழுந்துது. நான் கத்துக்கிட்டதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல, ஜீரோ டர்ன்னா என்ன? சாதாரண ரைடிங் மோவர் கார் மாதிரி. முன் சக்கரத்தை ஸ்டியரிங் திருப்பும். திரும்ப இடம் வேணும். ஜீரோ டர்ன்ல ஸ்டியரிங் கிடையாது, ரெண்டு லீவர். இடது லீவர் இடது பின் சக்கரத்துக்கு, வலது லீவர் வலது பின் சக்கரத்துக்கு. ரெண்டையும் சமமா முன்னால தள்ளினா நேரா போகும். ஒண்ணை முன்னாலயும் ஒண்ணைப் பின்னாலயும் வச்சா நின்ன இடத்துலயே சுத்தும். ஆஸ்பத்திரில வீல்சேர் ஓட்டிப் பார்த்தவங்களுக்கு உடனே புரியும், அதே கணக்குதான்.

ஆவடிக்காரங்களுக்கு இன்னொரு உதாரணமும் இருக்கு. ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி 1961ல இங்க ஆரம்பிச்சது. விஜயந்தா டாங்கி 1965ல இங்கிருந்து வெளியே வந்தது. டாங்கியோட சங்கிலிச் சக்கரம் கார் டயர் மாதிரித் திரும்பாது. ஒரு பக்கச் சங்கிலியை வேகமாவும் இன்னொரு பக்கத்தை மெதுவாவும் ஓட்டித்தான் திருப்புவாங்க. 1960களின் தொடக்கத்துல அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துல ஜான் ரெஜியர்னு ஒருத்தர் இதே மாதிரி ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா ஓட்டுற புல்வெட்டி ஒண்ணைச் செஞ்சார். இன்னைக்கு ஹஸ்ட்லர்னு விக்கிற மெஷின்கள் அதோட வழிவந்தவை.

முன்னாடி இருக்கிற ரெண்டு சின்னச் சக்கரம் சும்மா சுத்துறது, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டில இருக்கிற மாதிரி. அதுக்கு பிரேக்கும் இல்ல, அது வண்டியைத் திருப்பவும் செய்யாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்து டெக். பிளேடுகளை மேல மூடியிருக்கிற இரும்புக் கூடுதான் டெக். ஒரு தடவை போனா எவ்வளவு அகலத்துக்குப் புல் வெட்டும்ங்கிறதுதான் டெக் சைஸ். 42 இன்ச்னா மூன்றரை அடி, 48ன்னா நாலு அடி, 60ன்னா அஞ்சு அடி. பெருசா இருந்தா சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனா எவ்வளவு சீக்கிரம்? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பிரோஷர்ல இருக்கிற நாலு ஏக்கர் கணக்கு, வண்டி முழு வேகத்துல போனா வர்றது. மணிக்கு 13 கிலோமீட்டர். மரம், பெஞ்ச், குழந்தைங்க ஊஞ்சல் இருக்கிற இடத்துல யாரும் அந்த வேகத்துல ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. நடக்கிற வேகம், மணிக்கு 5 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. திரும்புறது, ஒரு வரிசை மேல இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறுறது, இதுக்கெல்லாம் அஞ்சுல ஒரு பங்கு கழிங்க. 42 இன்ச் டெக் ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல வெட்டும். 60 இன்ச் ஒன்றரை ஏக்கர்.

எங்க அரை ஏக்கருக்கு 42 இன்ச்ல அரை மணி நேரம், 60 இன்ச்ல இருபது நிமிஷம். பத்து நிமிஷம்தான் வித்தியாசம். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் லட்சக்கணக்குல கூடுதல் பணம். வருஷத்துக்கு 35 தடவை வெட்டினாலும் 42 இன்ச்சுக்கே மொத்தம் பதினேழரை மணி நேர வேலைதான். மீதி நாளெல்லாம் வண்டி ஷெட்ல நிக்கும். எலி ஒயரைக் கடிக்கும், பேட்டரி இறங்கும்.

பின்னால நடந்துகிட்டே தள்ளுற 21 இன்ச் பெட்ரோல் மோவர் இருக்கு இல்லையா, தானா நகர்ற டைப். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல அதே அரை ஏக்கர் ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் எக்செல்ல போட்டுட்டு இருந்தப்ப, அந்தப் புல்லு வெட்டுற அண்ணன் வந்தார். போன்ல படத்தைக் காட்டினேன். பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இது எந்த வழியா உள்ள வரும்?"

டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். பின்பக்கத் துண்டுக்குப் போற கேட் நாலு அடி, 48 இன்ச். 60 இன்ச் டெக் அதுல நுழையவே நுழையாது. சரி, 42 இன்ச்? அங்கேயும் ஒரு சிக்கல். 42ங்கிறது வெட்டுற அகலம் மட்டும்தான். வெட்டின புல்லைப் பக்கவாட்டுல தள்ளுற வாய்க்கு மேல ஒரு மூடி இருக்கும். அதோட சேர்த்தா இன்னும் பத்துப் பன்னிரண்டு இன்ச் கூடும். கேட்டைத் தாண்டுறப்ப மூடியை மேல தூக்கிக்கலாம். ஆனா பிளேடு ஓடுறப்ப மூடி கீழதான் இருக்கணும். கல்லு ஆள் மேல தெறிக்காம தடுக்கிறது அதுதான். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடியே உங்க இடத்துல இருக்கிறதுலேயே குறுகலான கேட், ரெண்டு மரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, ஷெட்டோட கதவு, மூணையும் அளந்து எழுதிக்கோங்க. கடைல "மொத்த அகலம் எவ்வளவு"ன்னு கேளுங்க. டெக் சைஸ் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க.

அடுத்தது தரை. நம்ம பக்கம் பல லேஅவுட்கள் வயலையோ தாழ்வான நிலத்தையோ மண் கொட்டி மேடாக்கினது. ரெண்டு மழை போனா அங்கங்க இறங்கி மேடு பள்ளமாயிடும். டெக் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் விறைப்பா நிக்கும். நடுவுல ஒரு மேடு வந்தா பிளேடு மண்ணையே சீவிடும். கொரியன் புல் போட்ட இடத்துல அப்படிச் சீவினா மொட்டைத் தலைல வெட்டுக்காயம் மாதிரி திட்டுத் திட்டாத் தெரியும். திரும்ப மூடுறதுக்கு வாரக்கணக்காகும். சின்ன டெக் மேடு பள்ளத்தோட ஏறி இறங்கும். உயரம் வைக்கிறப்ப, புல் இருக்கிற உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவைல வெட்டக்கூடாது. அருகம்புல்லோ கொரியனோ, எதுவா இருந்தாலும் இதுதான் விதி.

எடையையும் பாருங்க. 42 இன்ச் வண்டியே சுமார் 250 கிலோ இருக்கும். பெரிய கமர்ஷியல் வண்டி அரை டன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் நமக்குப் பெரும்பாலான மழை, புல் வேகமா வளர்றதும் அப்பதான். அந்த நேரம் களிமண் தரைல அரை டன் வண்டியை நின்ன இடத்துல சுத்தினா, டயர் புல்லை வேரோட பிடுங்கிடும். வண்டி அதிகமாத் தேவைப்படுற மாசத்துலதான் அதை இறக்க முடியாம போகும்.

இப்போ உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். மீட்டிங்ல ஒருத்தர் நல்ல மனசோடதான் கேட்டார்: "வண்டி வாங்கிட்டா பக்கத்துல இருக்கிற ஏரிக்கரையையும் நாமளே வெட்டிக் கொடுக்கலாமே?" அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரின்னு நம்ம பக்கம் முழுக்க ஏரிதான். அதனால இதைத் தெளிவாச் சொல்றேன். ஜீரோ டர்ன் வண்டியை ஏரிக்கரைல ஏத்தாதீங்க.

காரணம் இதுதான். முன் சக்கரம் சும்மா சுத்துறதுன்னு சொன்னேன் இல்லையா? வண்டியைத் திருப்புறது, நிறுத்துறது, ரெண்டுமே பின் டயரோட பிடிமானத்தை நம்பித்தான். சரிவுல ஈரப் புல் மேல பின் டயர் வழுக்கினா, ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்துல கையை விட்டுப் போயிடும். அப்புறம் வண்டி எங்க போகுதோ அங்கதான் நீங்களும். பெரும்பாலான கம்பெனி மேனுவல்கள் 15 டிகிரிதான் எல்லைன்னு சொல்லும், சிலது 10 டிகிரி. 15ங்கிறது கிட்டத்தட்ட நாலடி போனா ஒரு அடி ஏறுற சரிவு. பல ஏரிக்கரைகள் ரெண்டடிக்கு ஒரு அடி ஏறும். கவிழ்ந்தா கீழ தண்ணி. வாங்குற வண்டில சீட்டுக்குப் பின்னாடி நிமிர்ந்து நிக்கிற இரும்பு வளைவு இருக்கான்னு பாருங்க. அது இருந்தா சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடணும். அந்த வளைவு மடக்கி இருந்தா பெல்ட் போடக்கூடாது, கவிழ்ந்தா அடில மாட்டிப்பீங்க.

அடுத்து பிளேடு. அதோட நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல சுத்தும். நம்ம லேஅவுட் புல்லுக்குள்ள என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும். செங்கல் துண்டு, கம்பி, கட்டுக் கம்பி, கிரிக்கெட் பால். வெட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தர் முழு இடத்தையும் நடந்து பொறுக்கணும். டெக் வாங்குறப்ப, தகட்டை அழுத்தி வளைச்சுச் செஞ்சதா, கனமான தகட்டை வெல்டிங் பண்ணிச் செஞ்சதான்னு கேளுங்க. கல் கிடக்கிற இடத்துக்கு ரெண்டாவதுதான் தாங்கும்.

பிளேடு மழுங்கினா அம்பத்தூர் எஸ்டேட்ல சாணை பிடிச்சுக்கலாம், தப்பில்ல. பிடிச்ச பிறகு நடு ஓட்டைல ஒரு ஆணி விட்டுத் தொங்கவிடுங்க. ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம் எடை கூட, இன்னும் தேய்க்கணும். ஆனா உடைஞ்ச பிளேடை வெல்டிங் வச்சு ஓட்டாதீங்க. அந்த வேகத்துல விட்டுப்போனா அது பிளேடு இல்ல, வெடிகுண்டுத் துண்டு.

அப்போ ஜீரோ டர்ன் யாருக்கு? ஒரு ஏக்கருக்குக் குறைவா, துண்டு துண்டா இருந்தா வேண்டவே வேண்டாம். ஒண்ணுல இருந்து மூணு ஏக்கர், நடுவுல மரங்கள் இருந்தா 42 அல்லது 48. அதுக்கு மேல, காலேஜ் கிரவுண்டு, ஃபேக்டரி வளாகம் மாதிரி திறந்த சமதரை, அகலமான கேட், வாரா வாரம் வெட்டு, சர்வீஸுக்கு ஆள் பக்கத்துலயே இருந்தா 54, 60 தாராளமா வாங்கலாம். அங்க அது நிஜமாவே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொண்ணு. நீங்க வெட்டப்போற பார்க் யாரோடதுன்னும் பாருங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற லேஅவுட்ல சாலை போக மீதில பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும்ங்கிறது விதி. "நம்ம பார்க்"னு நாம சொல்றது பல இடத்துல மாநகராட்சியோடதோ நகராட்சியோடதோதான். அப்படின்னா பராமரிப்பை அவங்ககிட்டயும் கேட்கலாம்.

எங்க மீட்டிங்ல இதையெல்லாம் சொன்னேன். "ஆளே தேவையில்ல"ங்கிற வரிக்கும் பதில் சொன்னேன். வண்டியை ஓட்ட ஆள் வேணும், கல் பொறுக்க ஆள் வேணும், சுவர் ஓரத்துலயும் மரத்தடிலயும் வண்டி போகாது, அதுக்குப் பிரஷ் கட்டரோட ஆள் வேணும். கேட் அகலத்தை முதல்ல கேட்ட ஆளை அனுப்பிட்டு, கேட்டுக்குள்ள நுழையாத வண்டியை வாங்கப் பார்த்தோம்.

கடைசில ஒரு 21 இன்ச் மோவர் வாங்கினோம். கூடவே அண்ணனுக்குக் கண்ணாடி, முகத்துக்கு மறைப்பு, காலுக்கு நல்ல ஷூ. இத்தனை வருஷமா இது எதுவுமே இல்லாம, செருப்போடதான் வெட்டிட்டு இருந்திருக்கார். கார் கண்ணாடி உடைஞ்சப்ப குரூப்ல நூறு மெசேஜ் வந்துது. அந்தக் கல்லு அவர் கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அதுல ஒருத்தரும் கேட்கல, நானும் கேட்கல. இப்போ வேலை ஒரு காலைல முடியுது. மாசச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாதுன்னு தீர்மானத்துலயே எழுதிட்டோம்.

உங்க குரூப்லயும் இப்படி ஒரு பிரோஷர் வந்தா, லைக் போடுறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டு இறங்கி ஒரு நடை நடந்துட்டு வாங்க. அப்படியே புல்லு வெட்டுறவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.