கல்வி உதவித்தொகையும் நம் கடமையும்

 

முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிப்பது எங்குமுள்ள வழக்கம். பார்வை குன்றிய பிள்ளையும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடுடைய பிள்ளையும் அவ்வரிசையில் நிற்பது அரிது. அவர்கள் பொருட்டே சில சொற்கள்.

நம் நெல்லைச் சீமையில், பாளையங்கோட்டையில், 1890-ஆம் ஆண்டிலேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். கற்றல் குறைபாட்டுக்கோ சட்டத்தின் துணை மிகவும் பிந்தியே வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலில் அது இல்லை; 2016-ஆம் ஆண்டுச் சட்டமே 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதனை ஏற்றது. அதுவரை அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது 'மக்கு' என்ற பட்டமே.

இன்று வருமான வரம்புக்குட்பட்ட குடும்பத்து மாணவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. இவ்விரண்டுக்கும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டைக் காட்டும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும், கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம்.

"வெளியே தெரிந்தால் நாளை சம்பந்தம் பேச வருவார்களா?" என்று அஞ்சிப் பெற்றோர் மறைத்தால், பிள்ளைக்குரிய உதவியும் மறைந்துபோகும்.

எனவே, சென்ற ஆண்டைவிட முன்னேறிய இத்தகைய மாணவர்க்கு ஜமாஅத் விருது வழங்கவும், சான்றிதழுக்கு அழைத்துச் சென்று விண்ணப்பம் நிரப்பித்தர இளைஞர் இருவரை நியமிக்கவும் வேண்டுகிறோம். தொகை சிறிதாயினும், சபையில் பெயர் சொல்லி அழைக்கப்படுவது அப்பிள்ளைக்குப் பெரிது.