மார்க்கரை நீட்டுமுன்

ஆக்லாந்தில் கச்சேரி முடிந்ததும் வித்வானைச் சூழும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையில் கிதார், இன்னொருவர் கையில் மகளின் வயலின், மற்றொருவர் தூக்கி வருவது மிருதங்கம். கூடவே ஒரு கறுப்பு மார்க்கர். வாங்கப்போகும் கையெழுத்து எத்தனை ஆண்டு நிற்கும் என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இதை நன்றாக யோசித்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் லியான் ரஸ்ஸல். தன் கிதாரில் ரஸ்ஸல் கையெழுத்துக் கேட்டபோது பாடகர் வில்லி நெல்சன் மார்க்கரோடு வந்தார். மை வேண்டாம், கீறிவிடுங்கள் என்றார் ரஸ்ஸல். பிற்காலத்தில் அதற்குத்தான் மதிப்பு என்பது அவர் கணக்கு. நெல்சனுக்கும் அது பிடித்துப்போயிற்று. தம் கிதாரை நீட்டி, ரஸ்ஸலையும் கையெழுத்திடச் சொன்னார்.

அந்தக் கிதாரின் பெயர் டிரிகர். 1969-இல் நெல்சனிடம் வந்த மார்ட்டின் என்-20. நைலான் தந்தி பூட்டிய அதை அவர் பிக் வைத்தே வாசித்து வாசித்து, முன்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது! ரஸ்ஸலுக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். பல பத்தாண்டுகளாக அதைப் பழுதுபார்த்துக் காப்பவர், ஆஸ்டின் நகரத்துக் கிதார் கைவினைஞர் மார்க் எர்ல்வைன். அருங்காட்சியகக் கூண்டுக்குள் போகாமல் மேடையிலேயே வாழ்ந்த கிதார் அது.

நம் வீட்டுக் கிதாரைக் கத்தியால் கீற யாருக்கும் மனம் வராது. மார்க்கர்தான் என்றால், மேலே வார்னிஷ் அடித்துக் காப்பாற்றலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். மார்க்கர் மை பெரும்பாலும் ஆல்கஹாலில் கரையும். வார்னிஷிலும் அதுபோன்ற கரைப்பான் இருந்தால், பூசிய நொடியிலேயே எழுத்து கலங்கி ஓடும். சானிடைசர் பட்ட கையும் பாலிஷ் துணியும் செய்வது அதே வேலைதான்.

அடுத்த எதிரி வெளிச்சம். நியூசிலாந்துக் கோடை வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்பது இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி அதில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். சாதாரண வெளிச்சமே சாய மையை மங்கவைக்கும். மங்கிய மை இருட்டில் வைத்தாலும் திரும்பாது. அதனால்தான் எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்கின்றன. நம் ஆக்லாந்து அருங்காட்சியகத்திலும் காசில் தொகுப்பு என்ற இசைக்கருவித் தொகுப்பு இருக்கிறது. வெலிங்டனில் ஸில்லா, ரொனால்ட் காசில் என்ற உடன்பிறந்தோர் சேர்த்த பழைய வாத்தியங்கள். அடுத்தமுறை இசைக்கருவிக் காட்சி எதற்காவது போனால், விளக்கு எவ்வளவு மங்கலாக எரிகிறது என்று கவனியுங்கள்.

மிருதங்கக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தோலில் கையெழுத்து வாங்கினால், மூட்டு எனும் தோல்முகத்தை மாற்றும் நாளில் அதுவும் போய்விடும். வார்களுக்கு இடையே தெரியும் பலாக்கட்டையைக் காட்டுங்கள். கிதாரில் கை உரசாத மேல்மூலை நல்லது. வயலினிலோ வேண்டவே வேண்டாம்; அந்த வார்னிஷ் அருமையானது, பெட்டிக்குள் வைக்க ஒரு அட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கையெழுத்துள்ள வாத்தியம் இருந்தால் இன்றே அதை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள், தெளிவாக ஒரு படம் எடுத்துத் தேதி குறித்துவையுங்கள், பிறகு தயங்காமல் வாசியுங்கள்.