செக்ரோலின் வெற்றுக் கட்டம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர் தோட்டங்களில் பொழுது புலரும்போதே பால்வெட்டு தொடங்கிவிடுகின்றது. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதே காரணம். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலோ, அன்றைக்குக் கத்தி வைப்பதற்கில்லை. வெட்ட வந்தவர்களைப் புல்வெட்டுக்கோ கான்வெட்டுக்கோ திருப்பியாக வேண்டும். ஒரு நாள் வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வு கொடுப்பது பொது வழக்கு. வெட்டிய பால் சேர்ந்த பின்னரே வடித்து அமிலம் கலக்க முடியும். அது உறைந்த பின்னரே உருளையில் இட முடியும். தகடான பின்னரே புகைக்கூடத்துக்கு அனுப்ப முடியும். முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் காலைப் பிரட்டிலே ஆட்களுக்கு வேலை பிரிக்கப்படுகின்றது.

நேயர்களே, கணினித் துறையினர் இதற்கு ஒப்பானதோர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றனர். சம்பளக் கணக்கு, சேமலாப நிதிக் கணக்கு, வங்கிக்கு அனுப்பும் பட்டியல் முதலான பெரிய வேலைகளை, ஆள் எவரும் அருகில் இராமலே, இரவு நேரத்தில் வரிசைப்படி நடத்துவிக்கும் ஏற்பாடு அது. அதற்கும் ஒரு பிரட்டு உண்டு. ஒரு செக்ரோலும் உண்டு. அந்தச் செக்ரோலையே தரவுத்தளம் என்கின்றனர்.

அதை அமைக்கப் புகுவோர் முதலில் இரண்டு ஏடுகளைப் பிரித்து வைத்தல் வேண்டும். வேலை இன்னது, எப்பொழுது நடக்க வேண்டும், எது முடிந்த பின் நடக்க வேண்டும் என்பன ஓர் ஏட்டில் இருக்கும். இன்ன நாளில் அது நடந்ததா, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்பொழுது முடிந்தது என்பன மற்றோர் ஏட்டில், முறைக்கு ஒரு வரியாக ஏறும். இரண்டையும் ஒன்றாக்கி, நேற்றைய நிலையை அழித்து இன்றைய நிலையை எழுதுவோமாயின் நேற்று நடந்தது என்னவென்று எவராலும் சொல்ல இயலாது. ஒரே வேலையை இரண்டு பொறிகள் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளாதபடி, எடுக்கும்போதே அவ்வரியைப் பூட்டிவிடவும் வேண்டும். ஒரே மலைக்கு இரண்டு கங்காணிமார் ஆட்களை ஏற்றினால் நிகழும் குழப்பத்தைத் தோட்டத்தார் அறியாதவரல்லர்.

ஆயினும் இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய சிறு நுட்பங்களே. பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. வேலை நடக்கவில்லை என்றால் அது ஏன் நடக்கவில்லை?

செக்ரோலில் ஒருவருடைய பெயருக்கு நேரே மாதத்து நாட்களுக்கெல்லாம் கட்டங்கள் உண்டு. முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதிக்கு அரைப்பேர். வேலை இல்லாத நாளில் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். மழையினால் வேலை நின்றதா, தோட்டமே வேலை கொடுக்கவில்லையா, ஆள் நோயாய்க் கிடந்தாரா, அல்லது வேலை இருந்தும் வரவில்லையா? வெற்றுக் கட்டம் இந்நான்குக்கும் ஒரே முகத்தைக் காட்டும்.

இது வெறும் எழுத்துவேலைக் குறையன்று. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வரவுக்கான ஊக்குவிப்புப் படி 140 ரூபா. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 பங்கு வந்தவர்க்கே அப்படி கிடைக்கும். வேலை கொடுக்காத நாளையும் வராத நாளையும் ஏடு பிரித்துச் சொல்லாவிட்டால், அந்த 75ஐ எவ்வாறு கணக்கிடுவது?

அதற்கும் முன்னர் இதனிற் பெரிய வழக்கு ஒன்று நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் இடையறாது வாழ்ந்ததை, மணமானவர் 7 ஆண்டுகளுக்கும் மணமாகாதவர் 10 ஆண்டுகளுக்கும் காட்ட வேண்டும் என்றது. பிறப்புச் சான்று இல்லாத ஏழைத் தொழிலாளி எதைக் காட்டுவார்? அவர் தோட்டத்தில் இருந்தமைக்குச் செக்ரோலே சாட்சி. பேருக்கென எழுதிய ஏடு, இருப்புக்குச் சான்றாக நீதிமன்றம் வரை சென்றது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மாதங்களும், ஒரு தோட்டத்தில் ‘இராமாயி’ என்றும் அடுத்ததில் ‘ராமாய்’ என்றும் எழுதப்பட்ட பெயரும் அங்கே என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் 1,34,000 பேர் அளவினரே. எல்லாம் ஏட்டின் குற்றமன்று. சட்டத்தின் நோக்கமே குறுகியது. எனினும், குறுகிய அந்த வாயிலுக்குள் நுழைய முயன்றவர்க்கு ஏடு துணை நிற்கவில்லை.

ஆதலால் தரவுத்தளம் அமைப்போர் ஒவ்வொரு வரியிலும் நிலையைக் குறிக்க ஒரு பத்தியும், காரணத்தைக் குறிக்க வேறொரு பத்தியும் வைத்து, இரண்டாவதை நிரப்பாமல் வரி ஏறாதபடி செய்துவிடுதல் நன்று. ஆளுக்கு ஓர் எண் கொடுத்தால் பெயரின் எழுத்து மாறினும் ஆள் மாறார். பிழையாக ஏறியதைத் திருத்தும்போது பழைய வரியை அழிக்காமல், திருத்தியவர் பெயரோடும் நாளோடும் புதிய வரியாக எழுதுதல் வேண்டும். பேர் போடும் மாலை வேளையிலேயே அந்த வரியைத் தொழிலாளி பார்க்க ஒரு வழியும் இருத்தல் வேண்டும். மழை பெய்ததா இல்லையா என்பது அன்று மாலையில் அவருக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும்; பத்தாண்டு கழிந்தால் இருவருக்கும் நினைவிராது.