சாமான்யருக்கு ஒரு நாற்காலி

(சங்கத்தின் பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டாக்டர் நீட்டும் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். "இருபது வருஷமாகப் பார்க்கிறவர், தப்பாகவா சொல்வார்?" என்போம். அந்தக் காகிதம் சிகிச்சைக்கா, புது மருந்து ஆராய்ச்சிக்கா என்றாவது பார்க்க வேண்டாமா?

புது மருந்தை மனிதர்களிடம் பரிசோதிப்பதற்கு முன் 'எதிக்ஸ் கமிட்டி' அனுமதி தர வேண்டும். 2019-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், தலைவரும் வெளியார். டாக்டர்கள், வக்கீல் இவர்களோடு, மருத்துவம் படிக்காத சாமான்யர் ஒருவரும் உண்டு. அவர் வராவிட்டால் கோரம் இல்லை, அனுமதியும் இல்லை! பாங்க் உத்தியோகத்திலிருந்து ரிடையரான பிறகு, ஓர் ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாலைந்து கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. காபி, பிஸ்கட், கையெழுத்து, அவ்வளவுதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் நடுவில் நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம் என்ற கூச்சம்.

அதைப் போக்கியது ஒரு டாக்டர் நண்பர் சொன்ன விஷயம். ருமடாய்டு ஆர்த்ரைடிஸ் ஆராய்ச்சிகளில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று தீர்மானிக்க, 'ஓமெராக்ட்' என்ற சர்வதேச நிபுணர் குழு அவ்வப்போது கூடுகிறது. வீக்கம், வலி, ரத்தப் பரிசோதனை என்று அவர்கள் அளவுகோல் வைத்திருந்தார்கள். 2002-ல் முதல் தடவையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். வந்தவர்கள், "எங்களைப் படுத்துகிற அசதியை நீங்கள் அளப்பதே இல்லையே!" என்றார்கள். 2006 மாநாட்டுக்குப் பிறகு அசதியும் பட்டியலில் ஏறியது. என் தமக்கைக்கு அந்த வியாதி. "வலியைக்கூடத் தாங்கிடலாம்டா, இந்த அசதிதான் ஆளைத் தள்ளறது" என்று அவள் புலம்பியதை நாங்களே காதில் போட்டுக்கொண்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் சர்க்கரை வியாதி மருந்து ஒன்று பரிசீலனைக்கு வந்தது. தமிழ்ப் படிவமும் இருந்தது. 'ப்ளாசிபோ'வை 'போலி மருந்து' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். "சார், என் சகதர்மிணி இதைப் படித்தால், டூப்ளிகேட் மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று எழுந்து போய்விடுவாள்" என்றேன். சிரித்தார்கள். ஆனால் மாற்றச் சொன்னார்கள்.

தைரியம் வந்து இன்னொன்றும் கேட்டேன். ஆறு மாதத்தில் ஒன்பது தடவை, காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வர வேண்டுமாம். "எழுபது வயசுக்காரர் இரண்டு பஸ் மாறி வருவதற்குள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால்?" ஒரு டாக்டர் முகம் சுளித்தார். தலைவர் சுளிக்கவில்லை. ஆட்டோ செலவும், ரத்தம் எடுத்ததும் டிபனும் திட்டத்தில் சேர்ந்தன. வெறும் வயிற்று வருகை நாலாகக் குறைந்தது.

எங்கள் குழுவில் நோயாளி என்று ஒருவரும் இல்லை என்பது இன்னும் குறைதான். நானும் வெளியிலிருந்து யூகிக்கிறவன்தானே.

மற்ற ஊர்களில் இருக்கும் ரிடையரான அன்பர்களும், முக்கியமாக மாமிகளும், பக்கத்து ஆஸ்பத்திரிகளில் விசாரித்துப் பாருங்கள். பயிற்சி உண்டு. படிக்க வேண்டிய காகிதம் மட்டும் கட்டுக் கட்டாக வரும். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள்.